தூங்குவது என் வழக்கமாயிருந்தது

எங்கள் ஊரில் வசந்தம் கட்டுரை ஏட்டில் மட்டுமே வரும். வெளியே ஆண்டு முழுவதும் பாஸ்பேட் தூள்தான். கூரையில், காயப்போட்ட துணியில், ரொட்டியின் மேல்தோலில், கழுதையின் இமையில் என்று அது படியாத இடமில்லை. சுரங்கக் கம்பெனி மேலாளரின் மாளிகைத் தோட்டத்தில் ஒரு வாதுமை மரம் பிப்ரவரியில் பூக்கும் என்பார்கள். வாயிற்காவலன் எவரையும் உள்ளே விடமாட்டான் ஆதலால் பார்த்தவர் குறைவு.

இருந்தும் முப்பத்தொரு ஆண்டுகள் இவ்வூர்ப் பள்ளியில் அரபு இலக்கணமும் கட்டுரையும் கற்பித்த நான், ஆண்டுதோறும் வசந்தத்தைப் பற்றி எழுதச் செய்தேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு மாதிரிக் கட்டுரையைச் சொல்லி எழுதவைத்தேன். "வசந்தம் வந்தது. மண் பச்சைப் பட்டு உடுத்தது. கிளைகளில் புள்ளினங்கள் பண் இசைத்தன. ஓடைகள் சலசலத்து ஓடின." அதை அண்ணனிடமிருந்து தம்பியும், தாயிடமிருந்து மகளும் மனப்பாடம் செய்தார்கள். ஓடையைக் கண்டிராத பிள்ளைகள் ஓடையைப் பிழையின்றி எழுதினார்கள். இருபதுக்குப் பதினெட்டு மதிப்பெண் உறுதி. கட்டுரைக்கு அதற்குமேல் எங்கள் நாட்டில் எவரும் போடுவதில்லை. இதில் வெட்கப்பட ஏதேனும் இருப்பதாக நான் அப்போது நினைக்கவில்லை.

நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்குக் கடற்கரை நகரத்திலிருந்து நாஜியா என்னும் இளம்பெண் வந்தாள். வந்த மாதமே வசந்தத்தை ஒழித்தாள். "இன்னொருத்தரோட தோலுக்குள்ள ஒரு மணி நேரம் இருந்து பாருங்க. வெளிய வந்து, அங்க என்ன இருந்துச்சுன்னு எழுதுங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னாளாம். ஊர் சிரித்தது. தோலுக்குள் நுழைவது ஈத் பெருநாளில் ஆட்டை உரிக்கிறவனுடைய வேலை என்றார்கள். நானும் சிரித்தவர்களில் ஒருவன்.

அவளுடைய வகுப்பில் பதினொரு வயது ரவுதா இருந்தாள். கம்பெனிக் குடியிருப்பு வரிசையின் கடைசி வீடு அவளுடையது. அதற்கு முந்தைய வீடு என்னுடையது. நடுவில் இருப்பது ஒற்றைக்கல் சுவர். அவர்கள் வீட்டில் உரலில் மிளகாய் இடித்தால் என் வீட்டில் நான் தும்முவேன்.

அவளுடைய தந்தை லஸ்ஹருக்கு நொறுக்கி ஆலையில் வேலை. சுரங்கத்திலிருந்து கற்களைச் சுமந்து வரும் பெல்ட் ஒன்று கிரஷரின் வாய்க்குள் போய் விழும். அந்த வாய்க்குப் பத்தடி முன்னால் நின்றுகொண்டு, கற்களோடு கலந்து வருகிற கட்டை, டயர்த் துண்டு, இரும்பு ஆகியவற்றைக் கொக்கியால் இழுத்துப் போட வேண்டும். இரும்பு வந்தால் எச்சரிக்க மணி ஒன்று உண்டு. அது ஏழு மாதமாக அடிக்கவில்லை. லஸ்ஹர் மேஸ்திரியிடம் வாயால் பலமுறை சொன்னார். எழுதிக் கொடுக்க எழுத்தறியார்.

காலை ஆறுக்குப் போய் மதியம் இரண்டரைக்கு வருவார். தகர டப்பாத் தண்ணீரில் முகம் கழுவுவார். கழுவிய தண்ணீர் பால்போல் ஓடும். கொண்டைக்கடலைக் கஞ்சியில் காய்ந்த ரொட்டியைப் பிட்டுப் போட்டு, ஹரிஸ்ஸா மிளகாய் விழுதும் எண்ணெயும் ஊற்றித் தின்றுவிட்டு முற்றத்துப் பாயில் படுப்பார். ஆனால் தூங்கமாட்டார்.

"கண்ண மூடுங்களேன், மனுஷா" என்பாள் அவருடைய மனைவி மப்ரூக்கா.

"மூடினா பெல்ட்டு ஓடுதுடி."

"தொறந்தா?"

"தொறந்தா நீ ஓடுற. அதுக்கு பெல்ட்டே தேவல."

ஒருநாள் ரவுதா அவரருகே ஏட்டோடு உட்கார்ந்தாள். சுவருக்கு இப்பால் எனக்குக் கேட்டது.

"அப்பா, அங்க நின்னுக்கிட்டு என்ன நெனப்பீங்க?"

"கல்லு."

"வேற?"

"பெரிய கல்லு."

"அவருக்குச் சின்னக் கல்லெல்லாம் நெனப்புல நிக்காதுடி" என்று மப்ரூக்கா அடுப்பங்கரையிலிருந்து சொன்னாள். மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

இரண்டு நாள் கழித்து நாஜியா அந்த ஏட்டை என்னிடம் கொண்டுவந்தாள். அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. ஊரார்போல் அவளும் என்னை 'சிதி', ஐயா, என்று சேர்த்தே பெயர் சொல்வாள். "சிதி துஹாமி, இதப் படிங்க. பதினோரு வயசுப் பொண்ணு எழுதினது."

படித்தேன். இப்படி இருந்தது:

"நான் லஸ்ஹர். நான் ஓடும் பட்டையின் அருகே நிற்பது வழக்கமாயிருந்தது. மணி பத்தானதும் பட்டை என்னைத் தாலாட்டுவது வழக்கமாயிருந்தது. கண்ணை மூடித் தூங்குவது என் வழக்கமாயிருந்தது. தூக்கத்தில் கற்கள் ரொட்டிகளாக ஓடுவது வழக்கமாயிருந்தது. என் மகள் ஒவ்வொரு ரொட்டியாக எடுத்து, தூசு ஊதி, அடுக்கி வைப்பது வழக்கமாயிருந்தது. விழிக்கும்போது என் முதுகு வலிக்காமலிருப்பது வழக்கமாயிருந்தது."

"ஆறு வழக்கமாயிருந்தது வருதே, ஆனிஸா" என்றேன். மணமாகாத ஆசிரியையை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்பது.

"இந்த வாரம் அந்த 'கான' துணைவினையத்தான் நடத்தினேன். எல்லா வாக்கியத்துலயும் அது வரணும்னு சொல்லியிருந்தேன். அத விடுங்க. அந்த ரொட்டியப் பாருங்க."

நான் ரொட்டியைப் பார்க்கவில்லை. நான்காம் வரியில் ஓர் எழுத்தின் மேல் இருக்க வேண்டிய குறி விடுபட்டிருந்தது. அதைப் பென்சிலால் சுழித்துக் காட்டி ஏட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தோண்டும் இயந்திரத்தின் வாளியிலிருந்து கழன்ற இரும்புப் பல் ஒன்று, பெரிய கல்லின் அடியில் மறைந்தபடி பெல்ட்டில் வந்தது. மணி அடிக்கவில்லை. கிரஷருக்குள் போன பல் தகட்டைப் பிளந்தது. கீழே சரிவைத் துப்புரவு செய்துகொண்டிருந்த ஸாலிம் என்னும் இளைஞனின் வலக்கை மணிக்கட்டோடு போயிற்று. கம்பெனி விசாரணை வைத்தது. மணி அடிக்காததற்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி வந்தபோது விசாரணை மெல்ல நடக்கத் தொடங்கியது. கம்பெனிமீது குற்றம் நிற்கப்போகிறது என்றும், ஸாலிமுக்குக் கணிசமான இழப்பீடு கிடைக்கும் என்றும் ஊரில் பேச்சு.

பருவ முடிவில் பள்ளியில் பரிசளிப்பு விழா வந்தது. பரிசுப் புத்தகங்களைக் கம்பெனிதான் கொடுக்கும். அதன் பணியாளர் அதிகாரி முன்வரிசை நடுவில் உட்காருவார். அவ்வாண்டு உட்கார்ந்தவர் ஹாஃபித். முதற்பரிசு பெற்ற கட்டுரையை உரக்க வாசிப்பது மரபு. நாஜியா வாசித்தாள். அருமையாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தாள். இன்னொருவர் தோலுக்குள் நுழைந்து பார் என்று ஒரு பருவம் முழுவதும் கற்பித்தவள், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் தோலுக்குள் ஒரு நொடி நுழைந்து பார்க்கவில்லை. இதை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

ஹாஃபித் பரிசாக அகராதியைக் கொடுத்தார். ரவுதாவின் கன்னத்தைத் தட்டினார்.

"லஸ்ஹர்னு எழுதியிருக்கியே, யாரும்மா அது?"

"எங்கப்பா."

"கிரஷர்ல நிக்கிற லஸ்ஹரா?"

"ஆமா" என்றாள் பெருமையோடு.

"அந்த ஏட்ட ஒரு நாளைக்குக் குடு. நல்ல எழுத்து. நானும் படிக்கணும்."

மறுநாள் லஸ்ஹரை ஆலை வாயிலிலேயே நிறுத்திவிட்டார்கள். வியாழக்கிழமை விசாரணை என்று சொன்னார்கள். அவர் காரணம் கேட்டார். வாயிற்காவலன், "போய் உன் பொண்ணக் கேளு. அவ ஊருக்கே வாசிச்சுட்டா" என்றான்.

ஷஹீலிக் காற்று வீசிய நாள் அது. பாலைவனத்திலிருந்து வரும் அந்த வெப்பத்தில் பேசவே நாக்கு வராது. தேநீர்க்கடையில் மட்டும் பேச்சுக்குக் குறைவில்லை.

"வாங்க லஸ்ஹர், தலகாணி போடவா?"

"மெதுவாப் பேசுடா. மணி பத்தாச்சு, அவர் தூங்குற நேரம்."

மூலையில் உட்கார்ந்திருந்த ஸாலிமின் மாமன் கோப்பையைக் கீழே வைத்தான். "எங்க பையனோட கையும் ரொட்டியா ஓடுச்சா லஸ்ஹர்? உன் பொண்ணு அதையும் எடுத்து ஊதி வச்சாளா?"

லஸ்ஹர் எழுந்து வீட்டுக்கு வந்தார்.

"ரவுதா. ஏட்டுல என்னடி எழுதின? படி."

ஏட்டைக் கம்பெனி வைத்துக்கொண்டது. அவளுக்கு மனப்பாடம். தந்தை தானாகக் கேட்கிறார் என்ற மகிழ்ச்சியில், நாஜியா நிறுத்திய இடங்களிலெல்லாம் நிறுத்தி உரக்கச் சொன்னாள். தூங்குவதைச் சொன்ன வாக்கியத்தைத் தாண்டியதும் முதல் அறை விழுந்தது.

"நான் தூங்கினேனா? எப்படி பாத்த? எப்போ வந்து பாத்த?"

"பாக்கலப்பா."

"பின்ன?"

"உங்களுக்கு வீட்டுல தூக்கமே வரலேன்னு அம்மாகிட்ட சொன்னீங்க. அதான், எழுத்துலயாச்சும் கொஞ்சம் தூங்கட்டும்னு..."

இரண்டாம் அறையும் மூன்றாம் அறையும் கேட்டன. பிறகு மப்ரூக்காவின் குரல். "விடுங்க! மூஞ்சில அடிக்காதீங்க! வேற எங்கயாச்சும் அடிங்க!"

நான் சுவருக்கு இப்பால் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. அண்டைவீட்டுத் தகப்பன் தன் மகளை அடிக்கும்போது போகிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை.

புதன்கிழமை முழுதும் அந்த வீட்டில் பாடம் நடந்தது. மப்ரூக்கா அகன்ற தட்டில் ரவையை உள்ளங்கையால் உருட்டிக் கூஸ்கூஸ் செய்தபடி சொல்லிக்கொடுத்தாள்.

"சொல்லு. நான் எழுதினது பொய்."

"நான் எழுதினது பொய்."

"எங்கப்பா ஒருநாளும் தூங்கினதில்ல."

"எங்கப்பா ஒருநாளும் தூங்கினதில்ல. அம்மா, பொய்யில்லம்மா அது. ஆனிஸா சொன்னாங்க, நெனச்சுப் பாத்து எழுதறது பொய்யில்லன்னு. அதுக்கு வேற பேரு."

"வேற பேரு சோறு போடுமா? வீடு கம்பெனியோடதுடி. வேல போச்சுன்னா இந்தக் கூரை போச்சு. பொய்னு சொல்லு!"

"பொய்."

"அழாமச் சொல்லு."

மாலைக்குள் அவள் அழாமல் சொல்லப் பழகிவிட்டாள்.

வியாழக்கிழமை விசாரணைக்கு என்னையும் அழைத்தார்கள். ஹாஃபித் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். எழுத்து அரபியில் தடுமாறுவார். ஏட்டுக்குச் சரியான பொருள் சொல்ல மூத்த இலக்கண ஆசிரியர் வேண்டும் என்று தலைமையாசிரியர் என் பெயரைக் கொடுத்திருந்தார். நான் அதைக் கௌரவமாகக் கொண்டு, பெருநாள் அங்கியை உடுத்திப் போனேன்.

மேசைக்கு ஒரு பக்கம் ஹாஃபித், தலைமையாசிரியர், நாஜியா, நான். எதிரில் லஸ்ஹர் நின்றார். பக்கத்தில் ரவுதா. கூப்பிடாமலே வந்த மப்ரூக்கா கதவருகே நின்றாள்.

"சொல்லும்மா" என்றார் ஹாஃபித்.

ரவுதா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் எழுதினது பொய். எங்கப்பா ஒருநாளும் தூங்கினதில்ல. அவர் எப்பவும் கண்ண முழிச்சு வேல செய்வார். கம்பெனி நமக்குச் சோறு போடுது." செய்யுள் ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் சொன்னாள்.

ஹாஃபித் புன்னகைத்தார். "நல்லா ஒப்பிச்ச. யாரு சொல்லிக்குடுத்தா?"

அவள் தாயைப் பார்த்தாள்.

"கன்னத்துல என்ன அது? இங்க வா. நாலு விரலும் தெரியுதே. லஸ்ஹர், உன் கையக் காட்டு."

லஸ்ஹர் கையைக் காட்டவில்லை.

"எழுதினப்போ யாரும் அடிக்கல. அடிச்சப்புறம் பொய்ங்கிறா. எதை நம்பறது?" ஹாஃபித் ஏட்டைப் புரட்டினார். "தேதி பாருங்க. விபத்துக்கு மூணு வாரம் முன்னாடி. அப்போ இவளுக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்?"

மப்ரூக்கா கதவிலிருந்து பேசினாள். "ஐயா, கல்லு ரொட்டியா ஓடுதுன்னு எழுதியிருக்காளே. கல்லு ரொட்டியாகுமா? அது பொய்னா இதுவும் பொய்தானே?"

இதைவிடத் தெளிவான வாதத்தை என் ஓய்வுக்காலத்தில் நான் கேட்டதில்லை. ஹாஃபித் ஏட்டை மறுபடி பார்த்தார். பிறகு சிரித்தார்.

"தூங்கினாத்தாம்மா கனவு வரும். கனவ எழுதியிருக்கா, அப்போ தூக்கம் இருந்திருக்கணும்ல?"

தலைமையாசிரியரும் சிரித்தார்.

ஹாஃபித் நாஜியாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க ஆனிஸா. கற்பனையா எழுதச் சொன்னீங்களா, கண்டத எழுதச் சொன்னீங்களா?"

தலைமையாசிரியர் தம் பேனாவைத் திருகியபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "பாடத்திட்டத்துல 'விவரி'ன்னுதான் இருக்கு. கற்பனை கெடையாது. ஆய்வாளர் அடுத்த மாசம் வர்றார், இவங்கள நிரந்தரமாக்கறதப் பத்திப் பேச."

நாஜியா ரவுதாவைப் பார்த்தாள். ரவுதாவும் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தில் அப்போது கொஞ்சமும் அச்சமில்லை. அதற்கு வேறு பெயர் உண்டு என்று தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பெயரை இப்போது சொல்லிவிடுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"பாடத்திட்டப்படிதான்" என்றாள் நாஜியா. "விவரிக்கச் சொன்னேன்."

ரவுதா குனிந்து தன் செருப்பைப் பார்க்கத் தொடங்கினாள். பிறகு அவள் நிமிரவேயில்லை.

"இனி ஒரே சந்தேகம்" என்றார் ஹாஃபித். "ஏதோ ஒருநாள் அசந்துட்டான்னா எச்சரிக்கையோட விடலாம். கம்பெனிக்கும் மனசு உண்டு. சிதி துஹாமி, தூங்கறதப் பத்தின இந்த வாக்கியம், ஒரு தடவ தூங்கினதச் சொல்லுதா, தெனமும் தூங்கினதச் சொல்லுதா?"

ஏடு என் முன்னால் வைக்கப்பட்டது. என் பென்சில் சுழி நான்காம் வரியில் அப்படியே இருந்தது.

விதி தெளிவானது. வெறும் இறந்தகால வினை, செயல் நடந்து முடிந்ததைச் சொல்லும். நிகழ்கால வினைக்கு முன் 'கான' வந்தால், செயல் கடந்த காலத்தில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது என்றே பொருள். முப்பத்தொரு ஆண்டுகள் இதைத் தவறாகச் சொன்னவனைச் சுவர் ஓரம் நிற்கவைத்திருக்கிறேன்.

"வழக்கத்தைச் சொல்கிறது" என்றேன். "ஒருமுறை அன்று."

"உறுதியா?"

"இலக்கணத்தில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை."

அந்த வாரம் வகுப்பில் நடத்திய பாடம் அது என்பதும், அதனால்தான் எல்லா வாக்கியத்திலும் அந்தத் துணைவினை வந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை. கேளாத வினாவுக்கு விடை எழுதுபவனுக்கு மதிப்பெண் இல்லை என்பது நான் மாணவர்களுக்குச் சொல்லிவந்த விதி.

லஸ்ஹர் அப்போதுதான் முதன்முறையாக வாய் திறந்தார். "வாத்தியாரே, நீங்க பக்கத்து வீடு. நான் வீட்டுலயே தூங்காதது உங்களுக்குத் தெரியுமே."

"அது ஏட்டில் இல்லை, லஸ்ஹர்" என்றேன்.

பணிநீக்கம் அன்றே எழுதப்பட்டது. குற்றம் தொழிலாளியுடையது என்று முடிவானதால் மணியைப் பற்றிப் பிறகு எவரும் பேசவில்லை. ஸாலிமுக்குக் கம்பெனி கொடுத்ததும் ஒரு சக்கர நாற்காலிக்குக்கூடக் காணாத தொகை. அவனுக்குக் கால்கள் இருக்கின்றனவே என்று ஹாஃபித் வேடிக்கையாகச் சொன்னாராம். மாத முடிவில் லஸ்ஹரின் குடும்பம் வீட்டைக் காலி செய்து, கழிவு மேட்டுக்குப் பின்னால் இரண்டு அறை பிடித்தது. லஸ்ஹர் குன்றுகளில் ஹல்ஃபாப் புல் பிடுங்கிக் கழுதையில் ஏற்றிக் கொண்டுபோய் விற்றார். புல் அறுத்த கையில் ரொட்டியைப் பிட்டால் இரத்தம் ஒட்டும். மகளோடு அவர் பேசுவதில்லை. தட்டை நீட்டவேண்டுமானால்கூட மப்ரூக்காவிடம் சொல்லி நீட்டச் செய்வார்.

நாஜியா நிரந்தரமானாள்.

அடுத்த ஆண்டு மார்ச்சில், பட்டப்பகலில், மப்ரூக்கா என் கதவைத் தட்டினாள். கையில் ஓர் ஏடு. உள்ளே வர மறுத்தாள்.

"சிதி, நீங்க படிச்சவங்க. இதுல ஒரு எழுத்து, ஒரு புள்ளி, வில்லங்கமா எதாச்சும் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. இப்பல்லாம் அவ எழுதறத யாருக்காச்சும் காட்டிட்டுத்தான் குடுக்க விடறேன். இத மறந்துட்டேன், குடுத்துட்டா. ராத்திரியெல்லாம் அவருக்கு அதே கவல."

"அவர் கேட்டாரா?"

"கேக்கல. ஆனா தூங்கல."

ஏட்டைத் திறந்தேன். மேலே நாஜியா கொடுத்த தலைப்பு: 'நீ உன் தாயாக ஒரு நாள்.' அதன் கீழே ரவுதாவின் கையெழுத்து, அச்சுக் கோத்ததுபோல் நேராக.

"வசந்தம் வந்தது. மண் பச்சைப் பட்டு உடுத்தது. கிளைகளில் புள்ளினங்கள் பண் இசைத்தன. ஓடைகள் சலசலத்து ஓடின."

இரண்டு பக்கமும் அப்படியே. என் சொற்கள். தலைப்புக்கும் கட்டுரைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 'நான்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வெறும் இறந்தகால வினைகள். 'கான' எங்கும் வரவில்லை. எழுத்தின் மேல் இருக்க வேண்டிய குறிகள் எல்லாம் இருந்தன. அடியில் சிவப்பு மையில், இருபதுக்குப் பதினெட்டு.

"வில்லங்கம் இருக்கா?"

"இல்லை."

"ஒண்ணுமே தப்பில்லையா?"

"ஒன்றுமில்லை, அம்மா."

அவள் ஏட்டை வாங்கி, அதில் படிந்திருந்த தூளைத் தன் மேலாடையால் துடைத்தாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"அப்போ அந்த ரெண்டு மார்க்க ஏன் சிதி கொறச்சாங்க?"

"அது வழக்கம்" என்றேன்.